பதினெட்டு நிமிடக் கார்டு

செங்கல்பட்டில் இறங்கியபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. மதுரையிலிருந்து பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததில் தொடை மரத்துப்போயிருந்தது. பெட்டிக்குள் இருந்தது ஒரு சினிமா கேமரா. இரண்டு செங்கல்லை ஒட்டி வைத்த அளவுதான் இருக்கும், ஆனாலும் அதைத் தரையில் வைக்க மனசு வராது.

வாடகைக்குப் போகும் கேமராவோடு கடையிலிருந்து ஓர் ஆளும் போக வேண்டும் என்பது எங்கள் தொழிலில் வழக்கம். கேமரா அட்டெண்டர் என்பார்கள். கேமரா இருக்கும் அறையில்தான் அவன் படுக்க வேண்டும், அது வெயிலில் நின்றால் அவனும் குடையோடு நிற்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக நான் அந்த வேலையில் இருக்கிறேன். மதுரையைச் சுற்றியே பாதி வருடம் கழிந்துவிடும். இந்தக் கடற்கரைப் பக்கம் வந்தது இதுதான் முதல் தடவை.

நிலையத்துக்கு வெளியே ஒரு கடையில் இட்லி கேட்டேன். சட்னி வரும் என்று பார்த்தால் ஒரு கிண்ணத்தில் வடகறி வந்தது. எங்கள் ஊரில் இட்லிக்கு நான்கு சட்னி வைக்காவிட்டால் சண்டை வரும். இங்கே பக்கத்தில் இருந்தவர் அதே வடகறியை மூன்று தடவை கேட்டு வாங்கினார். எனக்கு இரண்டாவது தடவை கேட்கக் கூச்சம். கடைசி இட்லியை வெறுமனே தின்றுவிட்டு எழுந்தேன்.

மாமல்லபுரம் பேருந்தில் நடத்துநர் பெட்டிக்கும் சீட்டு வாங்கச் சொன்னார். வாங்கினேன். ஜன்னல் ஓரத்து அம்மாள் பெட்டியில் என்ன என்று கேட்டார். கேமரா என்றேன். யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார். கல்யாணம் இல்லை, படம் என்றேன். யார் நடிக்கிறார்கள் என்று அடுத்த கேள்வி. நடிக்கிறவர் யாரும் இல்லை என்றதும் என்னை நம்பாமல் வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டார். திருக்கழுக்குன்றம் தாண்டி டயர் பஞ்சர். எல்லோரும் இறங்கி வேப்பமர நிழலில் உட்கார்ந்தார்கள். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றேன்.

படம் எடுப்பவர் கவிதா மேடம். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவர். அப்பா அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கேமராமேன் தினேஷ், நாவலூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்தவர். என்னைவிட இருபது வயது சிறியவர், இருந்தாலும் நான் சார் என்றுதான் கூப்பிடுவேன். மூன்றே பேர். இதைவிடச் சின்ன யூனிட்டை நான் பார்த்ததில்லை.

மாமல்லபுரத்தில் எனக்குப் போட்டிருந்த அறைக்குப் பின்னால் சிலை செய்யும் பட்டறை. உளியோசை கேட்கும் என்று நினைத்தேன். மெஷின் வைத்துத்தான் கல்லை அறுத்துக்கொண்டிருந்தார்கள். கல்தூசு லென்ஸுக்கு எமன். ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, வியர்த்து வழிந்துகொண்டு கேமராவைத் தயார் செய்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மேடம் இந்தக் கேமராவைக் கேட்டதற்குக் காரணம் அது உள்ளுக்குள்ளேயே ராவாக, அதாவது பச்சையாக, பதிவு செய்யும் என்பதுதான். சாதாரணப் பதிவில் கேமராவே சோறு வடித்துவிடும். நிறம், வெளிச்சம் எல்லாவற்றையும் அதுவே முடிவு பண்ணி, மிச்சத்தைக் கஞ்சியோடு கொட்டிவிடும். ராவில் அரிசி அரிசியாகவே வீடு வந்து சேரும். பிறகு எப்படி வேண்டுமானாலும் பொங்கிக்கொள்ளலாம். இருட்டில் நிற்கிற முகத்தைக்கூட அப்புறம் தூக்கி எடுக்கலாம். முன்பு இதற்கு வெளியே தனிப் பெட்டி கட்டி வயர் இழுக்க வேண்டும். இப்போது கையளவு கேமராவுக்குள் ஒரு சின்னக் கார்டிலேயே எல்லாம் ஏறிவிடுகிறது. ஆனால் அரிசி மூட்டை பெரிதல்லவா? எங்கள் கார்டு ஒன்று பதினெட்டு நிமிடத்தில் நிறைந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தமிழ் நன்றாக வாசிப்பேன். காத்திருக்கிற நேரமெல்லாம் வாரப் பத்திரிகைதான் எனக்குத் துணை. ஆங்கிலம் வராது. கேமராவின் திரையில் வருவதெல்லாம் ஆங்கிலம். அதை நான் இடம் பார்த்துப் பழகிக்கொண்டேன். மேலிருந்து மூன்றாவது வரி, உள்ளே போனால் இரண்டாவது கட்டம், ஓர் அழுத்து. எண்கள் தெரியும் என்பதால் இத்தனை வருடம் ஓடிவிட்டது. கடையில் யாருக்கும் இது தெரியாது. விரல் வேகமாகப் போகிறவனுக்கு வாசிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை.

நான் புறப்படுவதற்கு முந்தின நாள் முதலாளி இந்தக் கேமராவுக்குப் புது மென்பொருள் ஏற்றியிருந்தார். ரெண்டு வசதி கூடியிருக்கு, படிச்சுப் பாத்துக்க என்று சொல்லிவிட்டுப் போனார். சரி என்று தலையாட்டினேன்.

சாத்திய அறையில் உட்கார்ந்து மூன்றாவது வரி, இரண்டாவது கட்டம் என்று அழுத்தினேன். பதிவாகிறது என்பதற்கான சிவப்புப் புள்ளி வந்தது. துடைத்துப் பெட்டியில் வைத்தேன். சாயங்காலம் பரோட்டா தின்னப் போனேன். சால்னா கேட்டால் சேர்வா என்று திருத்தினார்கள். தண்ணீராக இருந்தது. மதுரை ஞாபகம் வந்தது.

மறுநாள் விடியும்போது சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் நின்றோம். பழைய டச்சுக்காரன் கோட்டை மதில் ஒருபக்கம், வரிசையாகப் படகுகள் ஒருபக்கம். நடுவே ஒரு புதுப் படகு, மஞ்சள் குங்குமம் பூசி, சாமந்தி மாலை போட்டு நின்றது. அதன் சொந்தக்காரி கன்னியம்மா. ஐம்பதைத் தொட்டவர். இருபது வருடமாகக் கூடையில் மீன் விற்று, ஏலம் எடுத்து, இப்போது தன் பேரிலேயே படகு வாங்கியிருக்கிறார். அந்தக் கரையில் வேறு எந்தப் பெண் பேரிலும் படகு இல்லையாம். கவிதா மேடம் எட்டு மாதமாக அவர் பின்னால் அலைந்து படம் எடுக்கிறார். சந்தையில், வீட்டில், பேருந்தில் எல்லாம் எடுத்தாயிற்று. கன்னியம்மாவின் முகம் எதற்கும் அசையவில்லை.

"படகு தண்ணியைத் தொடும்போது அவங்க முகம்," என்று மேடம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். "எனக்கு அது ஒண்ணு போதும்."

கன்னியம்மா கடலுக்கு முதுகு காட்டி, படகின் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் சூரியன் வரப்போகிறது. முகம் இருட்டாகத்தான் இருக்கும். மேடம் தயங்கினார். தினேஷ் சிரித்தார். "ரா தானே மேடம். அப்பால ஏத்திக்கலாம்." இந்த வார்த்தையை நான் பல யூனிட்டில் கேட்டிருக்கிறேன். ரா வந்த பிறகு யாரும் வெளிச்சத்துக்குப் பயப்படுவதில்லை.

கற்பூரம் காட்டினார்கள், பூசணி உடைத்தார்கள், இருபது ஆண்கள் படகுக்குத் தோள் கொடுத்தார்கள். கேமரா ஓடியது. நான் காலிக் கார்டுகள் வைக்கும் பச்சைப் பையிலிருந்து புதுக் கார்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தினேஷ் முதுகுக்குப் பின்னால் நின்றேன். படகு மணலில் நகரவே மாட்டேனென்றது. யாரோ ஒருவர் மாலையை ஒழுங்காகப் போடச் சொன்னார், வேறொருவர் அவரைத் திட்டினார். பதினைந்து நிமிடம் போயிற்று. மூன்று நிமிடம்தான் மிச்சம் இருக்கும் என்று திரையின் மூலையைப் பார்த்தேன்.

எண்பத்தொன்று என்று இருந்தது.

இன்னும் எண்பத்தொரு நிமிடம் எடுக்கலாம் என்று கேமரா சொல்கிறது. ராவாக ஓடினால் அது நடக்காது. கேமராவின் அடியில் கை வைத்துப் பார்த்தேன். விசிறி மெதுவாகச் சுற்றியது, ராவில் ஓடும்போது வரும் சூடே இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. புது மென்பொருளில் ஒரு வரி கூடியிருக்கிறது. என் மூன்றாவது வரி நான்காவதாகப் போய்விட்டது. கேமரா சோறு வடித்துக்கொண்டிருக்கிறது.

படகு அப்போது தண்ணீருக்கு இருபது அடியில் இருந்தது. நிறுத்தி மாற்றப் பத்து விநாடி போதும். நான் வாய் திறக்கவில்லை.

கேமரா ஓடும்போது அட்டெண்டர் பேசக்கூடாது. இது எழுதாத சட்டம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தடவை ஓடும்போது ஏதோ சொல்லி, நூறு பேருக்கு முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு தும்மல் வந்தாலும் விழுங்கிவிடுவேன். அன்றும் விழுங்கினேன். படகு தண்ணீரைத் தொட்டது. ஆட்கள் கத்தினார்கள். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கன்னியம்மா முகத்தில் என்னவோ வந்து போனதாம். நான் பார்க்கவில்லை. அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலை நாஸ்தா கன்னியம்மா வீட்டில். ஆப்பமும் நெத்திலிக் குழம்பும். நல்ல காரம், புளி எங்கள் ஊரைவிடக் குறைவு. எனக்கு இறங்கவில்லை. "மதுர அண்ணாத்த இன்னா, மீனு புடிக்காதா?" என்று கன்னியம்மா கேட்டார். பிடிக்கும் என்று சொல்லி இன்னும் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு அவதிப்பட்டேன்.

அறைக்கு வந்ததும் பெட்டியைத் திறந்தேன். காலிக் கார்டைச் செருகி, ஒவ்வொரு வரியாக உள்ளே போய் அழுத்தி அழுத்திப் பார்த்தேன். நான்காவது வரியில் மூலை எண் பதினெட்டு ஆயிற்று. விசிறி வேகம் எடுத்தது. சரியாகிவிட்டது. இனி எடுப்பதெல்லாம் ராவாகத்தான் இருக்கும். காலையில் எடுத்தது மட்டும், எடுத்து முடித்த கார்டு போடும் சிவப்புப் பையில் இருந்தது.

சொல்லிவிடலாம் என்று எழுந்து மேடம் தங்கியிருந்த விடுதி வரை நடந்தேன். வாசலில் வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் ஓர் ஆட்டோக்காரரோடு கையாலேயே பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மேடம் உள்ளே போனில் யாரிடமோ சிரித்துச் சிரித்துப் பேசுவது கேட்டது. கெடைச்சுடுச்சு, கெடைச்சுடுச்சு என்றார். திரும்பி வந்துவிட்டேன். கடற்கரைக் கோயில் பக்கம் போனேன், பிறகு பேருந்து நிலையம், பிறகு மறுபடி கடற்கரை. எங்கும் பத்து நிமிடம் நிற்க முடியவில்லை. ஒரு கிளி ஜோசியக்காரர் என்னை இரண்டு தடவை கூப்பிட்டார்.

அடுத்த நாள் முட்டுக்காடு. கழிமுகத்தில் வலை வீசுகிறவர்களை எடுத்தோம். பக்கத்தில் படகு இல்லத்தில் வரிசையில் நின்று, மஞ்சள் உயிர்காப்பு மேலங்கி மாட்டிக்கொண்டு, குடும்பம் குடும்பமாகச் சவாரி போனார்கள். ஒரு தகப்பனார் பயந்து பயந்து கால் வைப்பதைப் பார்த்து வலைக்காரர் ஒருவர் சொன்னார், இடுப்பளவு தண்ணியில முங்கறதுக்கு டப்பு குடுத்து ஏர்றாங்க என்று. தினேஷ் விழுந்து விழுந்து சிரித்தார். நான் பதினெட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை கார்டு மாற்றினேன். நேற்று ஏன் இப்படி மாற்றவில்லை என்று இரண்டு பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்கிறேன்.

மத்தியானம் நாவலூரில் தினேஷ் வீட்டுக்குப் போனோம். கார்டுகளை எல்லாம் அங்கே இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். பதினொன்றாவது மாடி. லிஃப்டில் கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட பையன்கள் நின்றார்கள். தினேஷின் மனைவி தட்டு வைத்துக்கொண்டிருந்தார். தினேஷ் கை நீட்டினார். சிவப்புப் பையைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சார், படகு எறக்குனது ராவா இல்ல," என்றேன். "நான்தான் மாத்தி அழுத்திட்டேன்."

தினேஷ் ஒன்றும் புரியாமல் பையை வாங்கிக் கார்டைச் செருகினார். திரையில் படகு வந்தது, கடல் வந்தது. கன்னியம்மா இருந்த இடத்தில் ஓர் இருட்டு நின்றது. தினேஷ் வெளிச்சத்தை ஏற்றினார். இருட்டு சாம்பலாகி, கட்டம் கட்டமாக உடைந்து, சேறு அப்பினது போல ஆயிற்று. வானம் வெறும் சுண்ணாம்பு. ஒரே ஒரு தடவை அவர் தலையைத் திருப்பியபோது மூக்குத்தி மின்னியது. அவ்வளவுதான்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?" என்று மேடம் கேட்டார்.

"ஓடும்போதே தெரியும்."

"ஓடும்போதேவா?"

"படகு தண்ணிக்குப் போறதுக்கு முன்னாடி."

அவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தினேஷ் திரையின் மேல் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். "இங்கயே எழுதிக்கீது அண்ணாத்த, ரா இல்லன்னு. இருபது நிமிசம் இத்தயேதான் பாத்துகினு இருந்தேன். படிக்கத் தெரிஞ்ச நானே படிக்கல. உன்ன இன்னா சொல்றது?"

என்னைத் தேற்றத்தான் சொன்னார். அது எங்கே தைத்தது என்று அவருக்குத் தெரியாது. நான் சொன்னதிலும் பாதிதான் உண்மை. மாற்றி அழுத்தினேன் என்று சொன்னேன், ஏன் என்று சொல்லவில்லை. தினேஷின் மனைவி போட்ட சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டோம். அந்த அம்மா உப்பு கூடிவிட்டதோ என்று இரண்டு தடவை கேட்டார்.

நான்காம் நாள், கடைசி நாள். மறுபடி சதுரங்கப்பட்டினம். மேடம் கன்னியம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னார். தப்பு எங்களுடையது என்று பொதுவாகத்தான் சொன்னார், என்னைக் காட்டவில்லை. இன்னொரு தடவை படகை அப்படி இறக்க முடியுமா என்று கேட்டபோது கன்னியம்மா வெற்றிலையைத் துப்பினார்.

"ஒரு தபாதான் கண்ணு எறக்குவாங்க. நீ படம் புடிக்கறதுக்கோசரம் ரெண்டாந்தபா பூசணி ஒடச்சா கடலு இன்னான்னு நெனைக்கும்? வெளாட்றாளான்னு நெனைக்காது?"

படகு இரவே கடலுக்குப் போயிருந்தது. மூத்த மகனும் இன்னும் மூன்று பேரும் போயிருக்கிறார்கள், ஏழு மணிக்குக் கரைக்கு வந்துவிடும், வேண்டுமானால் அதை எடுத்துக்கொள் என்றார். மேடம் சரி என்றார், மனசில்லாமல்தான்.

ஏழு ஆயிற்று. எட்டு ஆயிற்று. மற்றப் படகுகள் ஒவ்வொன்றாக வந்து மீனைக் கொட்டின. கன்னியம்மா மற்றப் பெண்களோடு சிரித்துக்கொண்டுதான் இருந்தார். எட்டரைக்குச் சிரிப்பு நின்றது. போன் போட்டார், கிடைக்கவில்லை. வந்திறங்கிய ஒருவரிடம் விசாரித்தார். தெற்கே பார்த்ததாக அவர் சொன்னார். புது இஞ்சின், மக்கர் பண்ணும் என்று இன்னொருவர் சொல்ல, அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கோட்டைக்கும் படகு வரிசைக்கும் நடுவே நடக்கத் தொடங்கினார். எட்டு மாதமாக அசையாத முகம் என்று மேடம் சொன்னாரே, அந்த முகத்தில் இப்போது மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. வெயில் நேராக அதன் மேல் விழுந்தது. இந்த வெளிச்சத்துக்கு ராவே தேவையில்லை, கைப்பேசி போதும்.

மேடமும் அதைப் பார்த்துவிட்டார். எடுக்கலாமா கூடாதா என்று அவருக்கே தடுமாற்றம். கன்னியம்மா நடந்துகொண்டே கையை வீசினார். "எடுத்துத் தொல. எட்டு மாசமா இத்தத்தான கேட்டுகினு இருந்தே."

தினேஷ் ஓடிப்போய்க் கேமராவுக்குக் கால் ஊன்றினார். மேடம் என் பக்கம் திரும்பினார். "அண்ணா, இனிமே ஒவ்வொரு தடவையும் திரையில என்ன எழுதியிருக்குன்னு சத்தமா வாசிங்க. தினேஷ் கேட்டு ஆமான்னு சொல்லட்டும். அப்புறம்தான் ஓட்டணும்."

நியாயமான ஏற்பாடு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தேன். எழுத்துகள் நின்றன. கன்னியம்மா கோட்டை மூலையில் திரும்பி எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

"எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது மேடம்," என்றேன். "இடம் பாத்துத்தான் அழுத்துவேன். புதுசுல ஒரு வரி கூடிருச்சு, அதான் அன்னிக்கு மாறுச்சு."

கேட்பதற்கு நேரம் இல்லை. மேடம் என் தோளுக்கு மேலாக எட்டித் திரையைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தானே வாசித்தார். தினேஷ் ஆமாம் ஆமாம் என்றார். சிவப்புப் புள்ளி வந்தது. மூலையில் பதினெட்டு.

கன்னியம்மா நடந்தார். நின்றார். முந்தானையை வாயில் கடித்துக்கொண்டார். மணலில் உட்கார்ந்தார், உட்கார முடியாமல் எழுந்தார். பதினான்கு. ஒன்பது. தெற்கே ஒரு புள்ளி தெரிந்தது. யாரோ கை காட்டினார்கள். அவர் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். நான்கு. புள்ளி படகாயிற்று, அது இவருடைய படகுதானா என்று தெரியவில்லை. தினேஷ் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை, மேடம் கன்னியம்மாவை விட்டு எடுக்கவில்லை. இரண்டு.

"கார்டு முடியப் போகுது," என்றேன். சத்தம் எனக்கே அதிகமாகக் கேட்டது. "படகு இன்னும் அலைக்கு அந்தப் பக்கம் இருக்கு சார். இப்ப மாத்தினா சரியா இருக்கும்."

தினேஷ் நிறுத்தினார். நான் கார்டை மாற்றினேன். மேடம் வாசித்தார், தினேஷ் ஆமாம் என்றார், மறுபடி சிவப்புப் புள்ளி. அதற்குள் படகு அலை மேல் ஏறி நின்றது. கன்னியம்மா உதடு அசைவது தெரிந்தது. தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கு வந்ததும் அந்த முகம் என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. இந்த முறை நான் எண்ணைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தேன்.

மகன் இடுப்பளவு தண்ணீரில் குதித்து வந்தான். கன்னியம்மா அவன் முதுகில் ஓர் அறை வைத்தார். "எத்தினி மணிக்கு வரச் சொன்னேன்? டீசல் இன்னா உங்கொப்பன் ஊத்துறானா?"

சாப்பாட்டுக்குப் பிறகு, எடுத்த கார்டுகளைத் தினேஷிடம் கொடுத்துவிட்டு, லென்ஸைத் துடைத்து, பெட்டியைப் பூட்டினேன். மேடம் பேருந்து நிறுத்தம் வரைக்கும் வந்தார். அதுவரை என்னிடம் அவர் தனியாக ஒன்றும் பேசவில்லை. படகு இறக்கியது போனது போனதுதான் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். முதல் கார்டைக் கேமராவிலேயே ஓட்டிப் பார்த்தாராம், அதன் கடைசியில் என் குரல் விழுந்திருக்கிறது என்றார். கார்டு முடியப் போகுது என்று நான் சொல்வது தெளிவாகக் கேட்கிறதாம்.

"வெட்டிடவா?" என்று கேட்டார்.

செங்கல்பட்டுப் பேருந்து வந்து நின்றது. நடத்துநர் பெட்டியைப் பார்த்துவிட்டு, லக்கேஜ் லக்கேஜ் என்று சத்தம் போட்டார்.

"இருக்கட்டும் மேடம்," என்று சொல்லிவிட்டு ஏறினேன்.